லேசாக ஒரு விரல்

அந்தக் குழந்தைக்கு வீட்டில் மேனேஜர் என்று பெயர். வயது மூன்று, அதற்கு மேல் நான்கு மாதம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவள் உத்தரவில்லாமல் வீட்டில் ஒரு காரியமும் நடக்காது. விரலை நீட்டினால் தண்ணீர் வர வேண்டும், அண்ணாந்து பார்த்தால் மின்விசிறி சுற்ற வேண்டும், செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போட்டால் வெளியே கூட்டிப் போக வேண்டும். "பேசாமலே இத்தனை பேர வேல வாங்குறவளுக்கு வேற என்ன பேர் வெக்கிறது" என்று அப்பன்தான் அந்தப் பட்டத்தைக் கொடுத்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இது வாயைத் திறக்காமலே பிழைத்துக்கொண்டிருந்தது. அதனாலேயே பெற்றவர்கள் இருவரும் ரொம்ப நாள் ஏமாந்துபோனார்கள்.

ஏமாந்தது போதும் என்று பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போக ஆரம்பித்து இது ஆறாவது வாரம். செவ்வாயும் வெள்ளியும், மதியம் மூன்று மணிக்கு. பல் டாக்டரின் அறைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த இடம். கீழே பல்லைக் குடையும் சத்தம், மேலே பிள்ளைகள் ஊதும் ஊதல் சத்தம். நடுவில் மாடிப்படியில் உட்கார்ந்து தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் அம்மாக்கள். பயிற்சி கொடுப்பவரை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பதை ஒட்டிய வயது, கட்டையான உருவம், எந்தப் பிள்ளை கடித்தாலும் முகம் மாறாத பொறுமை. பொறுமையெல்லாம் பிள்ளைகளுக்கு மட்டும்தான், பெற்றவர்களுக்கு அதில் பங்கு கிடையாது.

முதலில் தாடைக்கு வேலை. மஞ்சள் ரப்பர் குழாயைக் கடைவாயில் வைத்து இந்தப் பக்கம் பத்து கடி, அந்தப் பக்கம் பத்து கடி. அடுத்து உதடு: கெட்டியான பழச்சாற்றை ஸ்ட்ராவில் உறிஞ்ச வேண்டும், வாரத்துக்கு வாரம் டீச்சர் ஸ்ட்ராவைக் கத்தரித்துக் குட்டையாக்குவார். பிறகு மேஜையின் மேல் பஞ்சு உருண்டையை ஊதி ஊதி அட்டையால் செய்த குட்டிக் கால்பந்து கோலுக்குள் தள்ள வேண்டும். கடைசியில் நாக்கு: மேலுதட்டின் ஓரத்தில் வைத்த ஒரு சொட்டுத் தேனை எட்டி நக்க வேண்டும். மேனேஜர் எல்லாவற்றையும் செய்தாள். பஞ்சை ஊதுவதில் அவள் அப்பனையே தோற்கடித்தாள்.

"இதெல்லாம் வெறும் பழக்கம்தான்" என்று டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். "ஊதுறதும் கடிக்கிறதும் பேச்சு ஆகாது. பலூன் ஊதுறவன் எல்லாம் மேடையில பேசுறானா? சத்தம் வரணும். அதுக்குத்தான் நாம வந்துருக்கோம்."

சத்தத்துக்கு அவருடைய கருவி விரல். குழந்தையைக் கண்ணாடிக்கு முன் உட்கார வைத்து, உதடு இரண்டையும் ஒரு விரலால் சேர்த்து மூடி, "ம்ம்ம்" என்று தானே இழுத்து, விரலை எடுக்கும்போது "மா" என்று திறப்பார். நூறு தடவை அவர் திறந்தால் ஒரு தடவை பிள்ளை தானாகத் திறக்கும் என்பது கணக்கு.

இங்கேதான் மேனேஜர் முரண்டு பிடித்தாள். முரண்டு என்றால் அழவில்லை, கடிக்கவில்லை, தலையைத் திருப்பவும் இல்லை. விரல் உதட்டில் பட்ட மாத்திரத்தில் அவள் உடம்பு முழுக்க நின்றுபோய்விடும். வாய் இறுக மூடிக்கொள்ளும். கை இரண்டும் மடியில் வந்து ஒன்றின் மேல் ஒன்று அமரும். மூச்சைக்கூட மெதுவாக, பார்த்துப் பார்த்து விடுவாள். டீச்சர் விரலை எடுத்த பிறகும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு அப்படியேதான் இருப்பாள்.

டீச்சர் கையுறையை மாற்றிப் பார்த்தார், ரப்பர் வாசனை பிடிக்கவில்லையோ என்று. கையுறை இல்லாமல் பார்த்தார். கையைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டுப் பார்த்தார். எதற்கும் அசையவில்லை. கடைசியில் கோப்பில் எழுதினார்: உதட்டைச் சுற்றித் தொடு உணர்ச்சி மிக அதிகம். அதற்கு வீட்டுப் பாடமும் கொடுத்தார். மெல்லிய துணியால் தினமும் கையிலிருந்து தொடங்கி, தோள், கழுத்து, கன்னம், உதடு என்று மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். வேடிக்கை என்னவென்றால் துணிக்கு மேனேஜர் உதட்டைக் காட்டினாள். பிரஷுக்குக் காட்டினாள். கூச்சம்கூடப் படவில்லை. ஒற்றை விரல் வந்தால் மட்டும் கல்லாகிவிட்டாள்.

"என்ன பிள்ளடா இது" என்று டீச்சர் பேனாவால் தலையைச் சொறிந்துகொண்டார்.

சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாக்காரிக்கு விஷயம் தெரியும். இரண்டாவது நாளே தெரிந்துவிட்டது. டீச்சரின் விரல் உதட்டில் பட்டதும் குழந்தையின் கண் டீச்சரைப் பார்க்கவில்லை. நேராகத் தன் அம்மாவின் காதைப் பார்த்தது. அங்கே ஹெட்போன் இருக்கிறதா என்று தேடியது.

அம்மாக்காரிக்கு வாயால் பிழைப்பு. வாஷிங் மெஷின் செய்யும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே புகார் கேட்பாள். காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை. மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை என்று கொதித்துப்போய் வருகிறவரை ஐந்து நிமிடத்தில் "சரிம்மா, பரவாயில்லம்மா" என்று சொல்ல வைத்துவிடுவாள். அப்படி ஒரு குரல். கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் பேசிய அழைப்புகளைத்தான் போட்டுக் காட்டுவார்களாம். ஊருக்கெல்லாம் பேசத் தெரிந்தவளின் வயிற்றில் பேசாத பிள்ளை என்று ஜாடையாகச் சொன்னவர்களும் உண்டு. ஊர் வாயை மூட முடியுமா? வீட்டில் இருந்த ஒரே ஒரு சின்ன வாயை மூடத்தான் முடிந்தது.

அது நடந்தது மேனேஜருக்கு ஒன்றேகால் வயதில். அப்போது அவள் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். வார்த்தை இல்லை, பிள்ளைகள் சும்மா உருட்டுவார்களே, அந்தச் சத்தம். ஒரு நாள் கம்பெனியில் அழைப்புகளின் தரம் பார்க்கிறவர் அம்மாக்காரியைக் கூப்பிட்டார். பதிவு செய்த ஓர் அழைப்பைப் போட்டுக் காட்டினார். வாடிக்கையாளர் மெஷின் அதிர்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னால் தெளிவாக "பா பா பா பா" என்று ஒரு குரல். "இது என்னங்க, கம்பெனியா குழந்தைங்க காப்பகமா" என்றார் அந்த ஆள். அந்த அழைப்புக்கு மதிப்பெண் பூஜ்யம். இன்னொரு தடவை கேட்டால் லைனை எடுத்துவிடுவோம், வேலை கிடையாது என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது விரல். ஹெட்போனை மாட்டும்போது குழந்தையின் உதட்டில் ஒரு விரல், "ஷ்ஷ்" என்று ஒரு சத்தம். பத்தே நாளில் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. பிறகு விரல்கூடத் தேவைப்படவில்லை, ஹெட்போனை எடுத்தாலே போதும். மேஜைக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து ஐந்து மணி நேரம் கட்டைகளை அடுக்கும். அடுக்கியது சரிந்துவிடும் என்றால் கையால் தாங்கி, சத்தம் வராமல் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைக்கும். "என் பொண்ணு தங்கம், நான் போன்ல இருந்தா மூச்சு விடமாட்டா" என்று பக்கத்து வீட்டில் பெருமை அடித்துக்கொண்டவளும் இவள்தான். இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

முதல் நாள் விசாரிக்கும்போது டீச்சர் கேட்டார்: "முன்னாடி ஏதாவது சத்தம் போட்டுட்டு இருந்தாளா? பா பா, மா மா, இந்த மாதிரி?"

"ஞாபகம் இல்ல டீச்சர்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அவளுக்குக் குறுகுறுத்தது, ஆனால் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் சொல்லாமல் விட்டாள். அடுத்த வாரம் சொல்ல நினைத்தபோது, போன வாரம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. இப்படியே வாரத்துக்கு வாரம் பாரம் ஏறியது. தினமும் சாயங்காலம் துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பிள்ளையின் கையையும் கன்னத்தையும் தேய்த்தாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை ஒரு நாள் தவறாமல் செய்தாள்.

இதில் அவளால் தாங்க முடியாதது புருஷனின் முகம்.

அவன் கண்ணாடி அறுக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறவன். சின்ன வயதிலிருந்து திக்கிப் பேசுவான். க-வில் தொடங்கும் சொல் என்றால் கொஞ்ச நேரம் அதன் வாசலிலேயே நின்றுவிடுவான், தொழிலோ கண்ணாடி. "வி-விதி பாரு, கெ-கெட்டியா ஒரு க-வ என் தலைல கட்டிருச்சு" என்று தன்னையே கிண்டல் செய்வான். பிள்ளை பேசவில்லை என்றதும் அந்தக் கிண்டல் நின்றுவிட்டது. தன் வாய்தான் பிள்ளைக்கு வந்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டான். அவளுடைய அக்காவும் ஒரு நாள் போனில் சத்தமாகச் சொன்னாள்: "வேற எங்கேருந்து வரும்? உன் வீட்டுக்காரர் பக்கத்து ரத்தம்தான்." ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தாள் இவள். அடுத்த அறையில் அவன் இருந்தான். இல்லை என்று இவள் சொல்லியிருக்கலாம். "உம்" என்றாள்.

அதிலிருந்து அவன் பட்டறையிலிருந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு நேராகப் பயிற்சிக்கு உட்கார்ந்துவிடுவான். பிள்ளையோடு சேர்ந்து தானும் ரப்பர் குழாயைக் கடிப்பான், ஸ்ட்ராவில் உறிஞ்சி மூக்கில் ஏறி இருமுவான், நாக்கை நீட்டி மூக்கைத் தொடப் பார்ப்பான். மேனேஜர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பிலும் குரல் வராது. சமையலறையில் நின்று அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும். அவன் பஞ்சைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு மூடும்போது, நாளைக்கு என்று ஆகிவிடும்.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை டீச்சர் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். வெள்ளிக்கிழமை பட்டறை சீக்கிரம் மூடுவதால் அவனும் வருவான். குழந்தை மூலையில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது.

"நான் நேரா சொல்லிடுறேன்" என்றார் டீச்சர். "பன்னெண்டு தடவ வந்துருக்கீங்க. தாடை நல்லா வந்துருக்கு, ஊதுறது நல்லாருக்கு. ஆனா உதட்டுல கை வெக்க விடமாட்டேங்குறா. கை வெக்காம நான் எப்படி சத்தம் எடுக்குறது? இதுக்கு மேல வற்புறுத்துனா வாய் வேலையவே வெறுத்துருவா. அதனால வாய்ப் பயிற்சிய நிறுத்திடலாம். வீட்லயே படங்களக் காட்டிக் கேக்குறதுக்குப் பழக்கலாம், அது எப்படியும் நல்லதுதான். வாய்க்கு ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். இந்த நேரம் கெடைக்காதான்னு கீழ படியில உக்காந்துருக்கு பாருங்க இன்னொரு பிள்ள."

"ஆ-ஆறு மாசமா?"

"ஆறு மாசம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எ-என் வாய்தான் டீச்சர் இவளுக்கு. நான்தான் கா-காரணம்."

"திக்கு வேற, இது வேறன்னு எத்தன தடவ சொல்றது உங்களுக்கு" என்று டீச்சர் கடுகடுத்தார். தாளைத் திருப்பி அவன் பக்கம் தள்ளி, பேனாவை மேலே வைத்தார். வாய்ப் பயிற்சியை நிறுத்துவதற்குப் பெற்றோர் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது.

அவன் பேனாவை எடுத்தான். கண்ணாடி அறுத்து அறுத்துத் தழும்பேறிய விரல்கள். மூன்று வயதில் வராத பேச்சு, ஆறு மாதம் கழித்து, நான்கு வயதை நெருங்கும்போது மறுபடி முதலிலிருந்து. அதுவரை அவன் தன்னைத்தானே தின்றுகொண்டிருப்பான். பேனா முனை தாளில் பட்டது.

"போடாதீங்க" என்றாள் அவள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"தொடு உணர்ச்சி எல்லாம் இல்ல டீச்சர். நான் பழக்குனது." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. ஊரார் கோபத்தையெல்லாம் ஐந்து நிமிடத்தில் ஆற்றுகிறவளுக்கு இதைச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. ஹெட்போனைச் சொன்னாள், பூஜ்யம் வாங்கிய அழைப்பைச் சொன்னாள், "பா பா" என்ற சத்தத்தைச் சொன்னாள். "போட்டுட்டுதான் இருந்தா. நான்தான் ஞாபகம் இல்லன்னு சொன்னேன். ரெக்கார்டுகூட ஆயிருக்கு. விரல் வெச்சா பேசக் கூடாதுன்னு அவளுக்கு அர்த்தம்."

"எப்படி வெப்பீங்க விரல?"

"சும்மா லேசா. உதட்டு மேல லேசா வெச்சு எடுத்துடுவேன், அவ்வளவுதான்."

கீழே பல் டாக்டர் எதையோ குடைந்துகொண்டிருந்தார். டீச்சர் கோப்பைத் திறந்தார், ஆறு வாரமாகத் தான் எழுதியதை ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறாத அந்தப் பொம்பளையின் முகம் அன்றைக்கு மாறியது.

"கேளுங்கம்மா. வேலைக்குப் போற வீட்ல எல்லாம் பிள்ளைய அடக்கத்தான் செய்வாங்க. நீங்க விரல் வெச்சதால இவளுக்குப் பேச்சு வராம போயிடல. உதடும் தாடையும் சேந்து வேல செய்யுறது இவளுக்குப் பொறக்கும்போதே மெதுவு. அது உங்க தப்பும் இல்ல, அவர் தப்பும் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா எனக்குச் சொல்லாதது உங்க தப்பு. இல்லாத நோய்க்கு நான் ஆறு வாரம் துணி போட்டுத் தேய்க்கச் சொல்லிட்டு இருந்துருக்கேன். வந்துட்டு இருந்த சத்தத்த இவ நிறுத்தி வெச்சுருக்காங்குறது எனக்கு மொத நாளே தெரிஞ்சுருக்கணும். நீங்க என்ன வேல பாக்குறீங்கன்னு நானும் கேக்கல, அது என் தப்பு."

தாளை எடுத்து இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "செவ்வாக்கிழம வேணாம். இவரும் இருக்கணும், அடுத்த வெள்ளிக்கிழம அந்த ஹெட்போன எடுத்துட்டு வாங்க."

வீட்டுக்கு நடந்தார்கள். குழந்தையை அவன் தோளில் தூக்கி வைத்திருந்தான். சைக்கிள் கடை, மருந்துக் கடை, சாலைத் திருப்பத்தில் தண்ணீர்க் குழாய் எல்லாம் தாண்டினார்கள். திட்டினாலாவது நன்றாக இருக்கும் என்று நினைத்தாள் அவள். வீட்டுப் படி ஏறும்போதுதான் சொன்னான்.

"உங்க அக்கா சொன்னப்ப நீ உம்னு சொன்ன. நான் கேட்டேன்."

ஒரு திக்கலும் இல்லாமல் சொன்னான். அந்த வாரம் முழுக்க அவன் வழக்கம்போலப் பிள்ளையோடு குழாயைக் கடித்தான், பஞ்சை ஊதினான். அவளிடம் தேவைக்கு மட்டும் பேசினான். அவள் காலையில் மேஜைக்கு முன் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டும்போது பிள்ளை பாயில் கையை மடித்து உட்காரும். இத்தனை நாள் அதைப் பார்த்து நிம்மதிப்பட்டவள், இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு "வணக்கம், சொல்லுங்க" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹெட்போனை ஒரு துண்டில் சுற்றிப் பையில் போட்டு எடுத்துப் போனாள். டீச்சர் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு, பாயை விரித்து, குழந்தையை அதில் உட்கார வைத்தார். அம்மாக்காரி எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவன் கதவோரம் நின்றான்.

"எடுத்து மாட்டுங்க" என்றார் டீச்சர். "அத மாட்டியிருந்தாலும் சத்தம் போடலாம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கன்னு இவளுக்குத் தெரியணும். அதனால நீங்கதான் போடணும். கம்பெனி குரல்ல வேண்டாம், அசட்டுச் சத்தமா போடுங்க. ம்ம்ம்மா. கேட்டா எனக்கே சிரிப்பு வரணும்."

துண்டைப் பிரித்தாள். ஹெட்போனைக் கண்ட மாத்திரத்தில் மேனேஜரின் கை இரண்டும் மடியில் வந்து மடிந்தன. வாய் மூடியது. அம்மாக்காரி அதைக் காதில் மாட்டினாள், ஒரு பக்கம் நழுவிற்று, சரி செய்தாள்.

"ம்ம்ம்மா" என்றாள்.

குழந்தையின் கண் விரிந்தது. அம்மாவைப் பார்த்தது, சுற்றிலும் பார்த்தது. யாருக்கோ கேட்டுவிடப் போகிறது என்ற பதற்றம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"இன்னும் பலமா."

"ம்ம்ம்மா. மா மா மா."

மேனேஜர் பாயிலிருந்து எழுந்தாள். இரண்டே எட்டில் வந்து அம்மாவின் மடியில் ஏறினாள். இடது கையை அம்மாவின் பின்கழுத்துக்குக் கொண்டுபோய், முடியோடு சேர்த்துப் பற்றிக்கொண்டாள், தலை பின்னால் போகாதபடி. வலது கையின் ஆள்காட்டி விரலை அம்மாவின் உதட்டில் வைத்தாள். வைத்து அழுத்தினாள். சின்ன விரல்தான், ஆனால் முழங்கை நடுங்கும் அளவுக்கு உடம்பின் பலம் முழுவதும் அதில் இருந்தது. உதடு பல்லோடு நசுங்கியது. முகத்தை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து, கண்ணைச் சுருக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஷ்ஷ்ஷ்" என்றாள்.

டீச்சர் துள்ளி எழப் பார்த்தார். ஏழு வாரமாக அவர் காத்திருந்த சத்தம், வாயிலிருந்து வேண்டுமென்றே, ஒருவரைப் பார்த்துச் சொன்ன முதல் சத்தம் அது. எழுதுவதற்குப் பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். பிறகுதான் அந்த இடது கையைப் பார்த்தார். பின்கழுத்தில் முடியைப் பற்றியிருந்த பிடியைப் பார்த்தார். பேனாவை மெதுவாக மூடினார்.

கதவோரம் நின்றவனும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பிடியை, அந்தக் கண் சுருக்கலை, அந்தப் பல்லைக் கடித்தலை எந்தப் பிள்ளையும் தானாகக் கண்டுபிடிக்காது. லேசா என்று அவள் ஒரு வாரத்துக்கு முன் இதே அறையில் சொன்னது எல்லார் காதிலும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தாள். பேச்சு வராத பிள்ளை அதை எடுத்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டது. கோள் மூட்டவில்லை, பழி வாங்கவில்லை. அம்மா மாட்டிக்கொண்டுவிடக் கூடாதே என்று, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அம்மாக்காரிக்கு உதடு வலித்தது. தலையை அசைக்க முடியவில்லை. இவ்வளவு அழுத்தமாகவா வைத்தோம் என்று நினைத்தாள். இவ்வளவு அழுத்தமாகத்தான் வைத்திருக்கிறாள், ஒன்றேகால் வயதுப் பிள்ளையின் உதட்டில். அவளுடைய கை இதைவிட நான்கு மடங்கு பெரியது. கண்ணிலிருந்து நீர் வழிந்து குழந்தையின் விரலில் பட்டது. விரல் நகரவில்லை.

"நிறுத்தாதீங்க" என்றார் டீச்சர், தாழ்ந்த குரலில். "விரல் இருக்கும்போதே சொல்லணும்."

"ம்மா" என்றாள், நசுங்கிய உதட்டோடு.

விரல் இன்னும் அழுந்தியது. "ஷ்ஷ்ஷ்."

"ம்மா."

மேனேஜர் அம்மாவின் காதிலிருந்த ஹெட்போனைப் பார்த்தாள். அதிலிருந்து யாரும் திட்டவில்லை. திரும்பி டீச்சரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். யாரும் கோபமாக இல்லை. பின்கழுத்தில் இருந்த பிடி கொஞ்சம் தளர்ந்தது. விரல் மட்டும் உதட்டிலேயே, என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது.

அவள் குழந்தையின் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கிவிட்டு, கதவுப் பக்கம் திரும்பினாள்.

"லேசா இல்லங்க" என்றாள்.

"தெரியுது" என்றான் அவன்.

அவ்வளவுதான் சொன்னான். போய்விடவில்லை. கதவோரத்திலிருந்து வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான், அவளுக்குப் பக்கத்தில் இல்லை, குழந்தைக்குப் பக்கத்தில்.

டீச்சர் கோப்பில் தேதியைப் போட்டார். முதல் சத்தம் என்ற இடத்தில் 'ஷ்' என்று எழுதினார். யாரிடமிருந்து கற்றது என்று அடுத்த கட்டத்தில் கேட்டிருந்தது. அதை நிரப்பிவிட்டு, "இன்னொரு தடவ" என்றார்.

அம்மாக்காரி ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டாள். குழந்தையின் விரலை எடுத்துத் தன் உதட்டில் தானே வைத்துக்கொண்டு, "மா" என்றாள்.